பிட்சிங் வட்டத்துக் குழிகள் பற்றிப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம்.

சென்ற வாரம் ஒரு தாய் பொலித்தீன் பையில் ஒற்றைச் சப்பாத்தைச் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தார். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, வலது கால். அடி தேயவில்லை, நூலும் புதிது. பெருவிரல் பக்கம் மட்டும் றப்பர் கரைந்து, துணி கிழிந்து, விரல் வெளியே தெரியும் அளவுக்கு ஓட்டை. "வாங்கி ஒரு மாதமும் ஆகேல்லை சேர். மற்றச் சப்பாத்து புதுசு மாதிரியே கிடக்குது" என்றார். அவருடைய மகள் எங்கள் சொப்ட்போல் அணியில் பந்து எறிபவர், அதாவது பிட்சர். அந்த ஓட்டைக்கும், அதே வாரம் இன்னொரு பிள்ளைக்குக் கால் பிரண்டதற்கும் காரணம் ஒன்றுதான். அதை எல்லோருக்கும் விளங்கச் சொல்ல வேண்டியது என் கடமை.

நம் ஊரில் சொப்ட்போல் என்றால் ரெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பிள்ளைகள் பழகுவது அதுவல்ல, பேஸ்போலைப் போன்ற ஆட்டம். இதில் பந்தைக் கீழ்க்கையாக, கையைத் தோளிலிருந்து முழுச்சுற்றுச் சுழற்றி எறிய வேண்டும். எறிபவர் கால் வைத்துத் தொடங்குவதற்கு 61 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட றப்பர்ப் பலகை நிலமட்டத்தில் பதிக்கப்பட்டிருக்கும். அதன் முன்விளிம்பின் நடுவிலிருந்து 2.44 மீற்றர் ஆரையில் கீறுவதுதான் பிட்சிங் வட்டம். பேஸ்போலில் எறிபவருக்கு 25 சென்ரிமீற்றர் உயர மேடு உண்டு. சொப்ட்போலில் மேடு இல்லை, சமதரைதான். அதனால் அந்தத் தரையில் உண்டாகும் சிறு பள்ளமும் காலுக்குத் தெரியும்.

வலக்கைப் பிள்ளை எறியும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வலது காலால் பலகையை உந்தித் தள்ளுகிறாள். இடது கால் முன்னே பாய்ந்து ஊன்றுகிறது. வலது கால் சும்மா தூக்கி வருவதில்லை, பெருவிரல் நுனி நிலத்தை உழுதுகொண்டே பின்னால் இழுபட்டு வருகிறது. சப்பாத்து ஓட்டையாவது அங்கேதான். பிள்ளையின் நடையில் பிழையில்லை, அடுத்த முறை கடைக்காரரிடம் சண்டை பிடிக்கவும் வேண்டாம். சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து வலது நுனியில் ஒரு துண்டுத் தோலோ பழைய ரியூப் துண்டோ ஒட்டித் தைத்தால் அந்தத் தவணை முழுக்க ஓடும்.

ஒரு பயிற்சியில் இப்படி எண்பது, நூறு தடவை எறிந்தால் பலகைக்கு முன்னால் ஒரு குழியும், இடது கால் ஊன்றும் இடத்தில் இன்னொரு குழியும் விழும். உயரமான பிள்ளை தோண்டிய குழி அவளுடைய காலுக்கு ஓரளவு பொருந்தும். அவளுக்குப் பிறகு எறிய வரும் குட்டையான பிள்ளையின் எட்டு சிறிது. அவளுடைய பாதம் குழியின் அடியில் விழாமல், சரிந்த ஓரத்தில் விழுகிறது. கணுக்கால் மடங்குகிறது. செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். எலும்பில் சேதமில்லை, வீக்கம் வற்றி வருகிறது, பிள்ளை பாடசாலைக்கு வருகிறாள்.

அவளைப் பார்க்கப் போனபோது அவள் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை: "குழிக்குள்ள கால் போகுது எண்டு போன கிழமையே சொன்னனான் சேர்." உண்மைதான். உடற்கல்வி ஆசிரியை எனக்கும் அறிவித்திருந்தார், களிமண் கேட்டார். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதோடு, கட்டட வேலைக்கு வந்த மணலில் இரண்டு வாளி கொட்டி மூடச் சொன்னேன். மணல் பிடிக்காது. பத்து எறிதலில் அது பக்கத்துக்கு ஒதுங்கி, பழைய குழியின் மேல் வழுக்கும் பொடியாகக் கிடந்தது. அந்தப் பிழை என்னுடையது. பிள்ளையின் பெற்றோரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், உங்கள் எல்லோரிடமும் இங்கே கேட்கிறேன்.

மைதானம் சரியாகும் வரை சொப்ட்போலை நிறுத்தி வைக்கும்படி சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் நிறுத்தப்போவதில்லை. நமது மண் கடற்கரை மண். கச்சான் காலத்தில் மேல்மண் தூசாகப் பறக்கும், அடிமண் சீமெந்துபோல் இறுகும். மாரி பிறந்தால் வட்டத்துக்குள் தண்ணீர் தேங்கும். இரவில் மைதானத்துக்குள் வரும் மான்கள் ஈர மண்ணில் மிதித்த குளம்படிகள் மறுநாள் வெயிலில் கல்லாகிவிடும். கிரிக்கெட்டும் எல்லேயும் உதைபந்தும் அதே நிலத்தில்தான். குறையில்லாத வட்டம் நமக்கு ஒருநாளும் வாய்க்காது. போட்டிக்கு வெளியே போனால் அங்கே வேறு யாரோ தோண்டிய குழி காத்திருக்கும். நிலத்தைப் பார்த்து ஆடத் தெரியாத பிள்ளைக்குத்தான் அங்கே ஆபத்து கூட.

ஆகவே ஆசிரியையோடு பேசி இப்படி முடிவெடுத்திருக்கிறோம். பயிற்சி முடிந்ததும் எறிந்த பிள்ளைகளே குழியைச் சீர் செய்துவிட்டுத்தான் போவார்கள். பொடி மண்ணைத் தும்புத்தடியால் கூட்டி வெளியே எடுத்து, குழியின் அடியைக் கீறிக் கரடாக்கி, தண்ணீர் தெளித்து, களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒவ்வொரு படையையும் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். காய்ந்த குழியில் மேலால் மண்ணைக் கொட்டினால் ஒட்டாது. கால் ஊன்றும் இடத்தில் சூளையில் சுடாத பச்சைக்கற்களை நெருக்கி அடுக்கி, மேலே இரண்டு விரல் கனத்துக்கு மண் மூட எண்ணியிருக்கிறோம். அது நெடுநாள் தாங்கும். மழை நாளில் வட்டத்தைத் தறப்பாளால் மூடுவோம். தேங்கிய தண்ணீரைக் கூட்டித் தள்ளினால் நல்ல மண்ணும் அதோடு போய்விடும், துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். கோடு கீற இனிச் சுண்ணாம்பு பாவிக்க மாட்டோம், காற்றில் கண்ணுக்குள் போனால் எரித்துவிடும்.

பிள்ளைகளுக்கும் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுக்கிறோம். எறியத் தொடங்க முன்னர் பந்தில்லாமல் நாலைந்து தடவை எட்டு வைத்துப் பார்ப்பது. கால் குழியின் ஓரத்தில் விழுந்தால் பலகையின் மறுபக்கத்துக்குத் தள்ளி நிற்பது. பலகை 61 சென்ரிமீற்றர் நீளம் என்பதால் விதியை மீறாமலே ஒரு பாதம் அளவுக்கு விலகலாம். ஈர நிலத்தில் எட்டைக் குறுக்கி, வேகத்தை விட்டு, குறியைப் பார்ப்பது. அடியில் ஒட்டிய களியைச் சுரண்ட ஒரு துண்டுத் தேங்காய்ப்பொச்சை அருகில் வைத்திருப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டியின் நடுவிலும் நடுவரிடம் நேரம் கேட்டுக் குழியை மூடக் கூச்சப்படாமல் இருப்பது. நம் பெண்பிள்ளைகள் கேட்கத் தயங்குகிறார்கள். வீட்டிலும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

குழி நான்கு விரல் ஆழத்தைத் தாண்டினாலோ, வட்டத்தில் தண்ணீர் நின்றாலோ எறிதல் இல்லை. அன்று மண்டப விறாந்தையில் கைச்சுழற்சி மட்டும் பழகுவார்கள். வெளிமைதானமாயினும், இறுதிப் போட்டியாயினும், ஆசிரியை நிறுத்தச் சொன்னால் அணி நிறுத்தும். வெற்றி போனதற்காக நான் யாரிடமும் கணக்குக் கேட்க மாட்டேன்.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. வட்டம் முழுவதுக்கும் மண் வேண்டாம். பலகைக்கு முன்னால் ஒரு மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் கால் கனமீற்றர்தான், இடித்தால் இறங்கும் என்பதால் சற்றுக் கூடுதலாக வேண்டும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயல் உள்ளவர்கள் தங்கள் சொந்தக் காணியிலிருந்து களிமண்ணோ புற்றுமண்ணோ ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டியில் தந்தால் போதும். குளத்து மண்ணை அனுமதியின்றி எடுக்க வேண்டாம். 5 மீற்றர்ச் சதுரத் தறப்பாள் ஒன்றும் தேவை, பழையதானாலும் ஓட்டை இல்லாததாக இருக்கட்டும்.

வரும் சனிக்கிழமை காலை 6.30 மணிக்குச் சிரமதானம். வெயில் ஏற முன்னர் 9 மணிக்குள் முடித்துவிடலாம். மண்வெட்டி, அலவாங்கு, வாளி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். திமிசுக்கட்டை பாடசாலையில் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று கிடைத்தால் வேலை விரைவாக முடியும். தேநீரும் கடலையும் பாடசாலையில் தருவோம். கால் பிரண்ட பிள்ளையும் வரப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கதிரையில் இருந்து அளவு நாடாவைப் பிடித்தால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
அதிபர்
திருகோணமலை