நீ பார்த்தது முக்கால் படம்தான், பாப்பா

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் அலைகிற அலைச்சலில் ஐந்தாறு இந்திப் படம் பார்த்துவிட்டாய் என்று தெரிந்ததில் எனக்கு நிரம்பச் சந்தோஷம். "பாட்டு காதைக் கிழிக்கிறது, பேச்சு கேட்கவே மாட்டேன் என்கிறது, இடைவேளைக்குப் பிறகு எல்லாப் படமும் இழுக்கிறது, இதைப் போய் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்" என்று கேட்டிருந்தாய். நீ சொன்ன எதுவும் தவறில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் படத்தின் குறை இல்லை, படம் உன்னிடம் வந்து சேர்ந்த வழியின் குறை. எங்கே என்ன தொலைந்தது என்று தெரிந்துகொண்டு பிறகு தீர்ப்புச் சொல். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் படச்சட்டம். பெரிய இந்திப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப். உயரம் 1 என்றால் அகலம் 2.39. விமானத்தில் முன் சீட்டின் முதுகில் இருக்கிற திரை பெரும்பாலும் 16-க்கு 9, கணக்குப் போட்டால் 1.78. படத்தை முழுதாகக் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், திரையின் உயரத்தில் முக்கால் பங்கில்தான் படம் தெரியும். பட்டை வேண்டாம் என்று திரையை நிரப்பிவிட்டால் இடமும் வலமுமாகக் கால் பங்குப் படம் காணாமல் போகும். கண்டுபிடிப்பது சுலபம். தொடக்கத்தில் பெயர்கள் வரும்போது ஓரத்து எழுத்து வெட்டுப்படும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் ஒருவர் முகமும் இன்னொருவர் மூக்கு நுனியும் மட்டும் தெரியும். கேமரா அசையாத காட்சியில் படம் திடீரென்று பக்கவாட்டில் நகர்ந்தால், வெட்டிய சட்டத்துக்குள் யாரோ ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாற்பது பேர் ஆடும் பாட்டில் ஓரத்தில் ஆடுகிற பதினைந்து பேர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு இரைச்சலாகத்தான் தெரியும்.

உன் போனில் சிக்கல் வேறு மாதிரி. இப்போதைய போன்கள் 20-க்கு 9 அளவில் நீளமானவை, ஸ்கோப் படம் அதில் ஓரளவு சரியாகவே உட்காரும். ஆனால் 16-க்கு 9 அளவில் இருக்கும் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் மேலும் கீழுமாக ஐந்தில் ஒரு பங்கு போகும். முதலில் போவது தலை, அடுத்தது சப்டைட்டிலின் இரண்டாவது வரி. இழுக்காதே, பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது நீளம். விமானத்துக்கென்று தனிப் பதிப்பு தயாரிப்பது வழக்கம். முத்தம், ரத்தம், கெட்ட வார்த்தை, விமான விபத்து இவற்றில் கத்தரி விழும். படம் போடுவதற்கு முன்பே அதன் தியேட்டர் நீளம் எவ்வளவு என்று குறித்துக்கொள். படத்தின் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் வந்தால் அதிலேயே இருக்கும். பழைய படமாக இருந்தால் நிமிடத்துக்குப் பதிலாக மீட்டர் போட்டிருக்கும். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும், ஆகவே 4,000 மீட்டர் என்றால் ஏறக்குறைய 146 நிமிடம். திரையில் காட்டும் நேரம் இதைவிடப் பத்து நிமிடம் குறைந்தால் சந்தேகப்படு. ஒன்றை மட்டும் விலக்கிவிடு. பிலிமில் விநாடிக்கு 24 சட்டம், நம் ஊர் டி.வி. முறையில் 25. அந்த வேகத்தில் மாற்றிய பழைய பிரதிகள் எதையும் வெட்டாமலே நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும், 150 நிமிடப் படம் 144-க்கு வந்துவிடும். குரலும் லேசாகக் கீச்சென்று ஏறும். பழைய பாடகர் கிஷோர் குமாரின் குரல் மெலிந்து கேட்டால் காரணம் அதுவாக இருக்கலாம்.

எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். 'ஷோலே' 1975-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் வெளியானது. முன்னாள் போலீஸ் அதிகாரியான தாக்கூர், கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைக் கொல்வதாக எடுத்த முடிவை சென்சார் ஏற்கவில்லை, போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போவதாக மாற்றினார்கள். பல ஆண்டுகள் திரையில் ஓடியது அந்த மாற்றிய முடிவுதான். 2025-ல் புதுப்பித்த பதிப்பில் முதல் முடிவு திரும்பி வந்தது. நீயும் உன் தோழியும் அதைப் பற்றி வாதாடினால் இருவரும் பார்த்தது ஒரே பதிப்பா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரயிலில் போகும்போது ராமநகரம் பக்கம் ஜன்னலில் தெரிகிற பாறைகள்தான் அந்தப் படத்தின் பாறைகள்.

பேச்சு கேட்கவில்லை என்றாயே, அதற்கு மூன்று காரணம். ஒன்று, விமானத்தின் இரைச்சல் அடித்தொண்டை உறுமல் மாதிரி தாழ்ந்த ஒலி, ஆண் குரலின் கனத்தை அப்படியே விழுங்கிவிடும். இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் அந்த உறுமலை நன்றாக அடக்கும், குழந்தையின் அழுகையையோ ரயிலில் சாயா விற்பவர் குரலையோ அந்த அளவுக்கு அடக்காது. ரயிலுக்கு ரப்பர் முனை வைத்துக் காதுக்குள் பொருந்தும் இயர்போனே போதும். சரியான அளவு முனையைப் போடு. தளர்வாக இருந்தால் முதலில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி போகும், நீ ஒலியைக் கூட்டுவாய், பாட்டு வந்ததும் காது வலிக்கும்.

இரண்டாவது, படத்தின் ஒலி 5.1 முறையில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் ஸ்பீக்கருக்குமாகப் பிரித்துக் கலந்தது. பேச்சுக்கு நடு ஸ்பீக்கர், இசைக்குச் சுற்றிலும் உள்ளவை. அதை இரண்டு காதுக்குள் சுருக்கும்போது பல செயலிகளில் பேச்சு தணிந்து இசை மேலே ஏறிவிடும். ஒலித் தேர்வில் ஸ்டீரியோ என்று தனியாக இருந்தால் அதை எடு. பேச்சைத் தூக்கிக் காட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடு. சில பழைய விமானங்களில் சீட்டில் இரட்டைத் துளை இருக்கும். நம் ஒற்றை முனையைச் செருகினால் ஒரு காதில்தான் கேட்கும், பாதி வாத்தியம் காணாமல் போகும். இரண்டு முனையுள்ள சின்ன அடாப்டர் ஒன்றைப் பையிலேயே போட்டு வை.

மூன்றாவது படத்தைப் பொறுத்தது. முன்பெல்லாம் இந்திப் படங்களில் பேச்சை ஸ்டுடியோவில்தான் டப்பிங் பேசினார்கள், ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று விழும். 2001-ல் வந்த 'லகான்' குஜராத்தின் கட்ச் பகுதியில் புஜ் அருகே படப்பிடிப்புத் தளத்திலேயே பேச்சைப் பதிவு செய்தது. இந்த முறைக்கு சிங்க் சவுண்ட் என்று பெயர், அதன் பிறகு அது பரவலாகியது. முணுமுணுப்பும் மூச்சும் உயிரோடு இருக்கும், ஆனால் அவைதான் ரயில் சத்தத்தில் முதலில் அடிபடும். அப்படிப்பட்ட படங்களை ராத்திரி அறைக்கு வந்து பார். பழைய படங்களை ரயிலுக்கு வைத்துக்கொள்.

இடைவேளைக்குப் பிறகு இழுக்கிறது என்ற புகாருக்கு வருகிறேன். இந்திப் படம் இரண்டு பாதியாகக் கட்டப்படுகிறது. 70, 80 நிமிடத்தில் ஒரு பெரிய திருப்பம் வரும், உடனே திரை இருளும். தியேட்டரில் விளக்குப் போடுவார்கள், ஜனம் வெளியே போய்ச் சமோசா தின்றுவிட்டு இருட்டில் தடவிக்கொண்டு சீட்டுக்கு வரும். அவர்கள் உட்காருகிற வரை கதையை நகர்த்த முடியாது என்பதால் இரண்டாம் பாதியின் முதல் சில நிமிடங்களில் ஒரு பாட்டோ சிரிப்புக் காட்சியோ நடந்ததை நினைவுபடுத்தும் பேச்சோ வைப்பார்கள். நீயோ இடைவிடாமல் பார்க்கிறாய், போனில் 'இடைவேளை' என்று போடும் அட்டையையும் எடுத்துவிட்டார்கள். திருப்பத்தின் சூடு ஆறுவதற்குள் மெதுவான காட்சி வருவதால் தொய்வாகத் தெரிகிறது. திருப்பம் வந்து இருண்டதும் நீயே நிறுத்திவிடு. எழுந்து நட, தண்ணீர் குடி, பத்து நிமிடம் கழித்துப் போடு.

சென்னை-டெல்லி விமானம் இரண்டே முக்கால் மணி. பாதுகாப்பு விளக்கம், அறிவிப்புகள், சாப்பாடு, இறக்கம் எல்லாம் போக நிம்மதியாகக் கிடைப்பது இரண்டு மணி. இரண்டரை மணிப் படத்தை அதில் திணிக்காதே, கடைசி அரைமணி டாக்ஸியில் போய்விடும். போகும்போது முதல் பாதி, திரும்பும்போது இரண்டாம் பாதி என்று வைத்துக்கொள். இடைவேளையில் பிரித்தால் படம் கெடாது, வேறெங்கே பிரித்தாலும் கெடும்.

பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறாய் என்பதுதான் எனக்கு மனத்தாங்கல். நம் பல்லவியை அங்கே முக்டா என்பார்கள், சரணத்தை அந்தரா. ஒரு முக்டாவுக்கும் அடுத்த அந்தராவுக்கும் நடுவில் வருகிற வாத்திய இடைவெளியில் பல மாதக் கதையை நகர்த்திவிடுவார்கள். ஊர் மாறும், உடை மாறும், கோபம் தணியும். நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டு "இவர்கள் எப்போது காதலித்தார்கள்" என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். டப்பிங் எழுதுபவரின் முதல் எஜமான் நடிகரின் உதடு. ப, ம வரும்போது உதடு மூடும், அந்த இடத்தில் தமிழிலும் உதடு மூடுகிற எழுத்து வேண்டும். அர்த்தம் அதற்கு அப்புறம்தான். 1998-ல் வந்த 'தில் சே' படத்தில் நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் ஆடுவார்களே, அந்தப் பாட்டையே பார். இந்திப் பாடலாசிரியர் குல்ஸாரின் 'சய்ய சய்யா' தமிழில் வைரமுத்துவிடம் 'தைய தையா' ஆனது. வாய் திறப்பு அப்படியே பொருந்துகிறது. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. அதனால் ஒலி இந்தியில் இருக்கட்டும், எழுத்து மட்டும் தமிழிலோ ஆங்கிலத்திலோ வை.

சப்டைட்டிலையும் முழுக்க நம்பாதே. ஒரு வரிக்கு நாற்பது எழுத்து, இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. வேகமாகப் பேசினால் எழுதுபவர் சுருக்கித்தான் ஆகவேண்டும். ஆனால் நீ ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி மொழி தெரிந்த மாதிரி. இந்தியில் எதிரில் இருப்பவரைக் கூப்பிட மூன்று சொல்: ஆப், தும், தூ. 'போ' என்பதும் அதற்கேற்ப ஜாயியே, ஜாவோ, ஜா என்று மாறும். முதலாவது நம் 'நீங்கள்'. மற்ற இரண்டுக்கும் தமிழ் சப்டைட்டிலில் 'நீ' ஒன்றுதான், ஆங்கிலத்தில் மூன்றுக்குமே 'யூ'. காதலர்கள் ஆப்-பிலிருந்து தும்-முக்கு இறங்குகிற நொடிதான் உண்மையான காதல் காட்சி, அது பெரும்பாலும் ஏதோ சாதாரணப் பேச்சுக்கு நடுவில் நழுவிப் போய்விடும். தூ என்பது கடவுளுக்கும் அம்மாவுக்கும் உயிர்த் தோழனுக்கும் உரியது, சண்டையில் அதே தூ கன்னத்தில் அறை. இதோடு ஊரும் காதில் விழும். 'நான்' என்பதற்கு 'ஹம்' என்றால் லக்னோ, பீகார்ப் பக்கம். 'அப்புன்', 'மேரேகோ' என்றால் பம்பாய்த் தெரு.

சொற்களுக்குப் பயப்படாதே. தயார், வசூல், பாக்கி, அசல், ரத்து, வக்கீல், கைதி எல்லாம் நம்மிடமும் அதே பொருளில் புழங்குபவை. அதனால் கோர்ட், கடன், கொள்ளை பற்றிய படங்களில் தொடங்கு. ஏமாற்றுகிற சொற்களும் உண்டு. அங்கே சன்சார் என்றால் உலகம், மனைவி இல்லை. அவ்சர் என்றால் வாய்ப்பு. உபன்யாஸ் நாவல். சிக்ஷா என்றால் படிப்பு, தண்டனை இல்லை.

அடுத்த தடவை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறாய் அல்லவா? வீட்டிலேயே தரவிறக்கி, ஒலி மொழியையும் சப்டைட்டிலையும் தேர்ந்தெடுத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பு. சில படங்கள் ஒருமுறை தொட்டால் 48 மணியில் காலாவதியாகிவிடும், அவற்றை முன்கூட்டித் திறக்காதே. ராத்திரி 11 முதல் காலை 5 வரை சார்ஜ் பாயிண்ட்டுகளை அணைத்து வைக்க ரயில்வே 2021-ல் சொல்லியிருக்கிறது, ஆகவே சாயங்காலமே போனையும் பவர் பேங்க்கையும் நிரப்பிவிடு. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட் மணி, விமானத்துக்கான வரம்பான 100-க்குள் இருப்பதால் அதிலும் கைப்பையில் எடுத்துப் போகலாம். செக்-இன் செய்யும் பெட்டியில் மட்டும் வைக்காதே.

அந்த ரயிலுக்கு 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' எடுத்துக்கொள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், விமானத்தில் அடங்காது. பட்டையோடு பார், பாட்டைத் தள்ளாதே. கடைசியில் ரயில் மேடையில் அப்பா மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருப்பார். பிடியை விடும்போது அவர் வாயில் வருவது ஜாயியே இல்லை, ஜாவோ இல்லை, ஜா. அதைக் கேட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணு.

அன்புடன்,
அப்பா