சம்பளத்தைப் பிடிக்க வந்த முகவரிக்குச் சம்மனும் வந்திருக்கலாமே

மாண்பமை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கும், உரிமையியல் நடைமுறை விதிகளைத் திருத்தும் பொறுப்பிலுள்ள விதிக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சம்பளம் 18,000 ரூபாய். 2022 நவம்பரில் ஒரு நாள் மூன்றாவது பீரியடு முடிந்து வெளியே வந்தபோது பள்ளிக் கணக்காளர் கூப்பிட்டார். "டீச்சர், கோர்ட்டிலிருந்து உங்க பேருக்கு ஆர்டர் வந்திருக்கு. சம்பளத்துல பிடிக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். பாவம், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் இரண்டு ஆசிரியைகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாளில் என் பெயர், கணவர் பெயர், பள்ளியின் பெயர், தெரு, பின்கோடு எல்லாம் ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல் இருந்தன. நாங்கள் முன்பு குடியிருந்த ஊரின் நீதிமன்றத்தில் 2019 பிப்ரவரியிலேயே என்மீது பணம் கட்டச் சொல்லி எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நான் ஆஜராகாமலே ஒருதலைப்பட்சமாகச் சொன்ன தீர்ப்பு, ஆகியிருந்தது. வட்டியும் செலவுத் தொகையும் சேர்ந்து 3,10,000 ரூபாய்க்கு மேல். அப்படி ஒரு வழக்கு இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். 2015-ல் கணவரின் தம்பி தொழிலுக்காக 1,50,000 ரூபாய் கடன் வாங்கினார். புரோநோட்டில் அவரோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போட்டேன். குடும்பத்தில் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பெரும்பகுதியைக் கட்டிவிட்டதாகக் கொழுந்தனார் சொன்னார், ரசீதுகளும் வைத்திருந்தார். 2017-ல் நாங்கள் திருப்பூருக்கு வந்துவிட்டோம். ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் புது முகவரிக்கு மாறின. 2018-ல் பழைய முகவரியைப் போட்டு என்மீது வழக்கு. கடன் கொடுத்தவரிடம் அப்போதும் என் போன் நம்பர் இருந்தது. அந்த நம்பரை நான் இன்றுவரை மாற்றவில்லை.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எவ்வளவு பாக்கி, யார் கட்ட வேண்டும் என்பது நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், அதை இங்கே பேசவில்லை. அந்த நீதிமன்றத்தையும் எதிர்த்தரப்பையும் பெயர் சொல்லாமல்தான் எழுதுகிறேன். எனக்குச் சொல்லாமலே என்னை எப்படிக் கடன்காரி ஆக்கினார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நகல் மனு போட்டு, 19 நாள் கழித்து வழக்குக் கட்டின் நகல் கைக்கு வந்தது. அதில் இரண்டு தாள்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று, பதிவுத் தபாலில் போன சம்மன் உறை. அதன்மேல் தபால்காரர் "விலாசதாரர் வீட்டைக் காலி செய்துவிட்டார்" என்று எழுதித் திருப்பியிருந்தார். அது முழு உண்மை. இன்னொன்று, நான்கு வாரம் கழித்து சம்மன் கொண்டுபோன நீதிமன்ற ஊழியரான அமீனாவின் அறிக்கை. "வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் வெளியூர் சென்றிருப்பதாகத் தெரிந்தது. கதவில் ஒட்டி சார்வு செய்தேன்." சார்வு என்றால் சம்மனைச் சேர்ப்பித்தல். நாங்கள் காலி செய்த மாதமே அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் குடிவந்துவிட்டது. இன்றும் அவர்கள்தான் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டேன். அந்தக் கதவில் யாரும் எதையும் ஒட்டியதில்லை என்று அந்த வீட்டு அம்மா சொன்னார்.

இந்த இரண்டு தாள்களையும் ஒரே நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் போதும். காலி செய்துவிட்டுப் போனவர் எப்படி அதே வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போவார் என்ற கேள்வி வந்திருக்கும். வரவில்லை. அடுத்த வாய்தாவில், நான் இல்லாத ஊரில் விற்கும் பத்திரிகைப் பதிப்பில் விளம்பரம் போட அனுமதி கிடைத்தது. அதற்கடுத்த வாய்தாவில் என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இல்லை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதற்கெல்லாம் எவ்வளவு கவனமாக வழி சொல்லியிருக்கிறது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கூடுமானவரை சம்மனை ஆளிடமே நேரில் கொடுக்க வேண்டும். உரிய முயற்சி எடுத்தும் ஆள் கிடைக்காவிட்டால்தான் கதவில் ஒட்டலாம், அதுவும் அவர் வழக்கமாகக் குடியிருக்கும் வீட்டுக் கதவில். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று பெயரும் முகவரியும் எழுத வேண்டும். கட்டளை 5, விதி 17. அந்த அறிக்கையோடு அமீனாவின் பிரமாண வாக்குமூலம் இல்லாவிட்டால், நீதிமன்றம் அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரித்தே ஆக வேண்டும். இது விதி 19. என் கட்டில் அடையாளம் காட்டியவர் பெயரும் இல்லை, பிரமாண வாக்குமூலமும் இல்லை, விசாரித்ததற்கான ஒரு வரிக் குறிப்பும் இல்லை.

அமீனாமார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. ஒரே நாளில் பல ஊர்களுக்குக் கட்டுக் கட்டாகச் சம்மன் தூக்கிக்கொண்டு வெயிலில் அலையும் வேலை அது. நீதிபதிகளின் மேசையில் ஒரு காலைக்குள் எத்தனை கட்டுகள் வந்துபோகின்றன என்பதையும் பிறகு வாய்தா வாய்தாவாக உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். அதனால்தான் தனி ஆளைக் குறை சொல்லாமல், விதியை எழுதும் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் நான் பட்ட பயத்தையும் சொல்ல வேண்டும். "பணம் கட்டாவிட்டால் சிவில் ஜெயில்" என்று ஓர் உறவினர் சொல்லிவிட்டார். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று அதே சட்டத்தின் 56-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. பெண்கள் வருமானக் கணக்கு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பதும் தெரியாது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் வளையலை அடகு வைத்திருந்தேன்.

வட்டச் சட்டப் பணிகள் குழு மூலமாகக் கிடைத்த வக்கீல் அம்மா நிதானமாக உட்கார வைத்துப் பேசினார். கட்டளை 9, விதி 13-ன்படி எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி, தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். சம்மன் முறையாக வரவில்லை என்று காட்டினாலே போதும். காலக்கெடு 30 நாள். முறையாகச் சம்மன் வந்திருந்தால் தீர்ப்பு நாளிலிருந்தும், வராதிருந்தால் தீர்ப்பு நமக்குத் தெரியவந்த நாளிலிருந்தும் அந்த 30 நாளை எண்ண வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 123-ஆவது இனத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்று வழிச் சார்வை, இந்தக் கணக்குக்கு முறையான சார்வாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அது. அந்த வரியை அவர் படித்துக் காட்டியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எங்கோ இருக்கும் ஒருத்தி அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்க மாட்டாள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

நகலுக்கே 19 நாள் போய்விட்டதால், 27-ஆம் நாள்தான் மனு உள்ளே போனது. இன்னும் நான்கு நாள் தள்ளிப்போயிருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, அதற்குத் தனி வாய்தாக்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 883 நாள் தாமதத்தைக்கூட 1998-ல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. எத்தனை நாள் என்பதைவிடச் சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது. ஆனால் அவ்வளவு தூரம் போக எத்தனை பேரால் முடியும்?

எதிர்த்தரப்பு, வழக்கு நடப்பது எனக்குக் கொழுந்தனார் மூலம் தெரிந்திருக்கும் என்று வாதாடியது. வழக்கு இருப்பது தெரியுமா என்பது கேள்வியல்ல, விசாரணைத் தேதி தெரியுமா என்பதே கேள்வி என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எங்கள் வக்கீல் எடுத்துக் காட்டினார். எனக்கோ இரண்டுமே தெரியாது.

தீர்ப்பு ரத்தாக 14 மாதம் ஆனது. இடையில் நான்கு மாதம் சம்பளம் பிடித்தார்கள். முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது என்பது சட்டம். ஆகவே மாதம் 5,666 ரூபாய். வீட்டு வாடகை 6,000. அந்த நான்கு மாதமும் வீட்டுக்காரரிடம் என்ன சொன்னேன் என்பதை விட்டுவிடுகிறேன். கடைசியில் 2024 ஜனவரியில் மனு அனுமதிக்கப்பட்டது, எதிர்த்தரப்புக்கு 2,000 ரூபாய் செலவுத் தொகை நான் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நிபந்தனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, கட்டிவிட்டேன். ஆனால் சம்மன் சரியாக வரவில்லை என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்ட பிறகு, அந்த 2,000 ரூபாய் எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது நான் முதலில் சொன்ன முகவரிக்கு வருகிறேன். தீர்ப்பு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால், அதை நிறைவேற்றச் சொல்லிப் போடும் நிறைவேற்று மனுவில் கடனாளிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது கட்டளை 21, விதி 22. 2022-ல் போட்ட மனு என்பதால் எனக்கும் நோட்டீஸ் போனது, மறுபடியும் அதே பழைய வீட்டுக்கு. அதே மனுவின் இன்னொரு பக்கத்தில், சம்பளத்தைப் பிடிப்பதற்காக என் பள்ளியின் முகவரி முழுசாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரே மனுவில் இரண்டு முகவரிகள். நான் இல்லாத முகவரிக்கு நோட்டீஸ், நான் இருக்கும் முகவரிக்கு ஜப்தி. இதை ஒருவரும் கேட்கவில்லை.

ஐயா, அம்மா, உங்களிடம் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் அல்ல. நடைமுறைச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கும் விதி செய்யும் அதிகாரத்துக்குள் அடங்குவதுதான். நிறைவேற்று மனுவில் கடனாளியின் வேலையிடமோ வங்கியோ குறிப்பிடப்பட்டிருந்தால், ஜப்திக்கு முன் நோட்டீஸ் அந்த வேலையிடத்துக்கோ அந்த வங்கிக் கணக்கில் உள்ள முகவரிக்கோ போக வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். பணக் கடன் வழக்கு போடும்போதே, பிரதிவாதியின் போன் நம்பர் தனக்குத் தெரியுமா தெரியாதா என்று வாதி பிரமாணத்தில் சொல்லட்டும். தெரியும் என்றால் வழக்கு எண்ணும் வாய்தா தேதியும் அந்த நம்பருக்குக் குறுஞ்செய்தியாகப் போகட்டும். புரோநோட்டு எழுதி வாங்குகிறவர்கள் போன் நம்பர் வாங்காமல் விடுவதில்லை.

சம்மன் கொண்டுபோகிறவர் வீட்டு வாசலில் நின்று படமும் இருப்பிடமும் பதிவு செய்வதற்கு என்ஸ்டெப் என்ற செயலி, நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்திலேயே இருக்கிறது. கதவில் ஒட்டிய வழக்குகளில் அந்தப் படத்தை நீதிபதி பார்த்ததாகக் குறிப்பு எழுதாமல் யாரையும் எக்ஸ்பார்ட்டி ஆக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். திரும்பி வந்த தபால் உறையும் அமீனா அறிக்கையும் சேர்ந்தே நீதிபதி முன் வைக்கப்பட வேண்டும், இரண்டும் முரண்பட்டால் விதி 19-ன்படி விசாரிக்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். விசாரிக்க ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிடம் இல்லாமல் எனக்குப் போனது 14 மாதம்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆனவுடன் அதன் சுருக்கத்தைத் தமிழில், எங்கே எத்தனை நாளுக்குள் மனு போடலாம் என்ற விவரத்தோடும் 15100 என்ற எண்ணோடும் பிரதிவாதிக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்யுங்கள். என்னைப் போல் சம்பளம் பிடிக்கும் நாளில்தான் கேள்விப்பட வேண்டிய நிலை இன்னொருத்திக்கு வேண்டாம்.

என் வழக்கு இப்போது முதலிலிருந்து நடக்கிறது. கொழுந்தனாரின் ரசீதுகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருக்கிறோம். பிடித்த 22,664 ரூபாயைத் திரும்பக் கேட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவின்படி போட்ட மனு நிலுவையில் உள்ளது. வாய்தா நாளில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போகிறேன். இப்போது என் பெயரைக் கூப்பிட்டால் "ஆஜர்" என்று சொல்ல நான் அங்கே நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
திருப்பூர்