மழைக்காலத்தில் வந்து இடம் பார்

கடலூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விடவில்லை. மற்றபடி நலம்.

ரிட்டையர் ஆனதும் கடலூருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வேறென்ன வேண்டும்! ஆனால் சித்திரையில் வந்து மனை பார்க்காதே. கோடையில் இந்த ஊரில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை விட்ட மறுநாள் வா. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைமீறியபோது, குண்டு உப்பலவாடி, நாணமேடு, கண்டக்காடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் வெள்ளம். ஆற்றோரம் மனை கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். கமிஷனை வாங்கிக்கொண்டு, பிறகு அவர்கள் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றுவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

நகர் ஊரமைப்பு இயக்ககம் மனைப்பிரிவுக்குத் தரும் டி.டி.சி.பி. அப்ரூவல், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் தரும் ரெரா எண் எல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று அந்தக் காகிதத்தில் இருக்காது. பக்கத்து வீட்டுச் சுவரில் கறை இருக்கிறதா பார், அந்த வீட்டுப் பெண்களிடம் கேள். தரகன் மறைத்தாலும் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் உங்கள் புதுப்பாளையம் வீடு. விற்றால் என்ன விலை போகும் என்று கேட்கிறாய். விலை இருக்கட்டும், பட்டாவே இன்னும் மறைந்த உன் அப்பா பெயரில்தானே இருக்கிறது? அவர் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயிலும் எழுதவில்லை. அப்படியென்றால் உன் அம்மா, அக்கா, தங்கை மூவருக்கும் உன்னோடு சம பங்கு. "அக்காவுக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து வருத்தப்பட்டேன். சீர் வேறு, பங்கு வேறு. வாரிசுச் சான்றிதழ் வாங்கு. கிரயப் பத்திரத்தில் நால்வரும் கையெழுத்துப் போடுங்கள், பணத்தையும் நால்வராகப் பிரித்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுக்க விருப்பமிருப்பவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் அதை நீயாகக் கேட்காதே. உடன்பிறந்தவளின் கையெழுத்து இல்லாமல் விற்ற வீடுகள் கோர்ட்டில் கிடப்பதை இந்தத் தொழிலில் நிறையப் பார்க்கிறேன்.

விலை பேச வருகிறவர் பாதியைப் பத்திரத்தில் காட்டி மீதியைக் கையில் தருகிறேன் என்பார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதைக் குறைக்கத்தான். ஒத்துக்கொள்ளாதே. வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாய் தொட்டுவிட்டால் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம், அதுவும் வாங்கிய உன் தலையில்தான் விழும்.

வில்லங்கச் சான்று நான் போட்டு வைக்கிறேன். தாய்ப்பத்திரம், அதாவது இந்தச் சொத்தின் பழைய மூலப் பத்திரம், யாரிடம் இருக்கிறது என்று உன் அம்மாவிடம் கேட்டு எழுது. அக்காவிடம் போனில் வேண்டாம், நேரில் போய்ப் பேசு.

அன்புடன்,
உன் நண்பன்