கச்சானில் அளந்த காணி: வாவிக்கரைச் சபைகளின் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள மாநகர, நகர, பிரதேச சபைகளின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2025 மே தேர்தலுக்கு நீங்கள் வாக்குக் கேட்டு வந்தபோது எங்கள் ஒழுங்கை காய்ந்து கிடந்தது. மாரியில் அதே ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பின்வேலிக்கு அப்பால் முன்பு கண்ணாக்காடு, அதாவது சதுப்பில் வளரும் அலையாத்தி மரக்காடு, இருந்தது. கொக்கு அடையும், வேருக்குள் இறால் குஞ்சு ஒதுங்கும். ஒரு நாள் வேர்களுக்கு நடுவே சிவப்புப் பூச்சு அடித்த முளைக்கட்டைகள் தெரிந்தன. அடுத்த கிழமை மரங்கள் இல்லை. பிறகு டிப்பர் டிப்பராகக் கிரவல் வந்தது. கண்ணாவின் நீண்ட காய்கள் சேற்றில் குத்திட்டு நின்று இரண்டிரண்டு இலை விட்டிருந்தன; அவற்றின் மேலேயே கொட்டினார்கள். வேலியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெத்தா என்னிடம் கேட்டார்: "இதில் நின்ற தண்ணீர் இனி எங்கே போகும், மனே?"

அந்த மாரியில் அது அவருடைய அடுப்படிக்குப் போனது. புதிய காணி எங்கள் முற்றத்தைவிட ஒன்றரை அடி உயரம். மூன்று நாட்கள் மேசைமேல் அடுப்பை வைத்துச் சமைத்தோம்.

அனுமதி எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் போனேன். எல்லாப் பத்திரமும் ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். இருந்ததுதான். காணியைப் பார்க்க ஆவணியில் வந்திருக்கிறார்கள். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசி, வாவி பின்வாங்கி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரம். கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார்கள்: வெற்றுக் காணி. நான்கு மாதம் கழித்து வந்திருந்தால் அதே இடத்தில் வாவியைப் பார்த்திருப்பார்கள்.

சட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் கடலோரத்தில் 300 மீற்றர் வரையும், கடலோடு இணையும் வாவிகளில் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயம் என்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் நீர்விளிம்பிலிருந்து 100 மீற்றரையும் சேர்த்தது. ஆனால் எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம்; அந்த 2 கிலோமீற்றர் அதில் ஒரு சிறு துண்டுதான். சதுப்பு நிரப்புவதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று 1993இல் வர்த்தமானி வந்தது. அதுவும் 4 ஹெக்டேயருக்கு மேல் நிரப்பினால்தான். 4 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 1,580 பேர்ச். இங்கே ஒருவரும் அப்படி மொத்தமாக நிரப்புவதில்லை. பத்துப் பேர்ச், பதினைந்து பேர்ச் என்றுதான் விற்கிறார்கள். பத்துப் பேர்ச்சாக 158 துண்டுகள் நிரம்பினாலும் அந்த எல்லை தாண்டப்படவில்லை என்றே கணக்குச் சொல்லும்.

அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் கூறுபோடவோ கட்டடம் கட்டவோ அனுமதி கேட்டு உங்கள் மேசைக்கு வருகிறது. அத்தனையையும் ஒன்றாகப் பார்க்க முடிந்த இடம் உங்கள் திட்டமிடல் குழு மட்டுமே. அதனால்தான் கொழும்புக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உன்னிச்சை, நவகிரிக் குளங்கள் வான்பாய்ந்தால் அந்த வெள்ளமும் வாவிக்குத்தான் வருகிறது. 2011 ஜனவரியை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெருவெள்ளம் வரும்போதெல்லாம் வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டுங்கள் என்று குரல் கொடுக்கிறோம். வெட்டினால் வடியும், உண்மை. வடியும்வரை அந்தத் தண்ணீர் எங்கே தங்குவது? கண்ணாவும் சதுப்பும் இருந்த இடத்தில்தான் இதுவரை தங்கியது.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. வாவியோரக் காணி எதையும் மாரியில் ஒரு தடவை பார்க்காமல் அனுமதி கொடுக்காதீர்கள். வெள்ளம் ஏறி நின்ற கோட்டை ஊர் ஊராகக் குறித்து, அந்தப் படத்தைச் சபை வாசலில் ஒட்டுங்கள். காணி வாங்க வருபவர் முற்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்கட்டும். பக்கத்தில் ஏற்கெனவே நிரப்பியதையும் சேர்த்துக் கூட்டிய பிறகு புதிய விண்ணப்பத்தை எடுங்கள். வயல் நிரப்புவதற்குக் கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. சேற்று நிலத்துக்கும் அப்படி ஓர் எழுத்தைக் கேட்க உபவிதி இயற்றலாம். உபவிதி இயற்றும் அதிகாரம் சபைகளுக்கு உண்டு.

காணி வாங்கியவர்களை நான் குறை சொல்லவில்லை. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு நாடா போலக் கிடக்கிறது. மேட்டுக்காணி விலைக்கு எட்டாது. எங்கள் பின்வேலிக்கு அப்பால் வீடு கட்டியவர் பத்து வருடம் கட்டாரில் உழைத்தவர். போன மாரியில் அவருடைய மலகூடக் குழியும் நிரம்பி வழிந்தது. அனுமதி கிடைத்ததால் நல்ல காணி என்று நம்பினேன் என்கிறார். அவருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மார்கழியில் ஒரு நாள் வாருங்கள். பெத்தாவின் அடுப்படிச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது. அளவு நாடாவையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
வாவிக்கரையில் குடியிருக்கும் ஒருவர்