டெஸ்டர் சண்டை பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கடைசியில் அம்மா தன் கையால் எழுதிச் சேர்த்த நாலு வரியைத்தான் முதலில் படித்தேன், அப்புறம் உன்னுடையது. டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் நல்லதா என்று பார்க்க நான் அனுப்பிய டெஸ்டரை வைத்து நீயும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து அதுவே மனதில் ஓடுகிறது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் அப்பா சொன்னதுதான் சரி. டெஸ்டர் அந்த 2என்3055 பவர் டிரான்சிஸ்டரை நல்லது என்றது, நீ மாட்டினாய், சத்தத்தைக் கூட்டியதும் போய்விட்டது. டெஸ்டர் பொய் சொல்லவில்லை. அது கொடுத்துப் பார்ப்பது 5 வோல்ட், அதில் ஓடும் கரண்ட் சுமார் 7 மில்லி ஆம்பியர், அவ்வளவுதான். 15 ஆம்பியர் தாங்கும் என்று விற்கும் டிரான்சிஸ்டர் நிஜமான சப்ளையில் சூடேறும்போது தாங்குமா என்று அதற்கு எப்படித் தெரியும்? பெரிய கூட்டுக்குள் சின்னச் சில்லை வைத்து விற்கும் போலியும் அதில் தாராளமாகத் தேறிவிடும். அப்பா கையில் எடுத்துப் பார்த்தே சந்தேகப்பட்டார் இல்லையா, அந்தக் கை அனுபவத்தை நீ விட்டுவிடாதே. 450 வோல்ட் கெப்பாசிட்டரும் அப்படித்தான், 5 வோல்ட்டில் ஒழுங்காக இருந்துவிட்டு முழு வோல்ட்டில் லீக் ஆகும்.

ஆனால் அப்பாவும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த டிவி பவர் சப்ளையில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மல்டிமீட்டரில் பார்த்து நல்லது என்று திரும்ப வைத்தார் என்று எழுதியிருந்தாயே, அதை டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல். மைக்ரோஃபாரட் சரியாக இருந்தும் ஈ.எஸ்.ஆர், அதாவது கெப்பாசிட்டருக்குள்ளேயே இருக்கும் தடை, ஏறியிருக்கலாம். அந்த அளவுக்கு நல்ல கெப்பாசிட்டர் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக் குறைய காட்டும். 3, 4 ஓம் என்று வந்தால் தூக்கிப் போடலாம். வீலாஸ் என்று ஒரு சதவீதமும் வரும், சார்ஜ் ஏற்றிய பிறகு எவ்வளவு வோல்ட் இறங்குகிறது என்பது அது. அது ஏறியிருந்தாலும் அந்தக் கெப்பாசிட்டரை நம்பாதே.

ஒன்று மட்டும் மறக்காதே, இதற்காகவே தனியாகக் கடிதம் எழுதியிருப்பேன். எந்தக் கெப்பாசிட்டரையும் டிஸ்சார்ஜ் பண்ணாமல் டெஸ்டர் சாக்கெட்டில் வைக்காதே. 230 வோல்ட் லைனில் ஓடும் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர் 325 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். டெஸ்டர் போய்விடும் என்பது இருக்கட்டும், உன் கையை நினைத்துத்தான் சொல்கிறேன். சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இன்சுலேட் பண்ணிய ஒயர் வைத்து, அதைக் குறுக்கே கொஞ்ச நேரம் பிடித்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பார்த்த பிறகே கழற்று. கழற்றித்தான் அளக்க வேண்டும், போர்டிலேயே வைத்து அளந்தால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்துக் குழப்பும். டெஸ்டரின் மூன்று பின்னையும் ஷார்ட் பண்ணி பட்டனை அழுத்தினால் தன்னையே சரிபார்த்துக்கொள்ளும், அதையும் ஒருமுறை செய்துவிடு.

இந்த டெஸ்டரை முதலில் வடிவமைத்து எல்லாருக்கும் வெளியிட்டவர் மார்கஸ் ஃப்ரேயெக், அதை வளர்த்தவர் கார்ல்-ஹெய்ன்ஸ் க்யூபெலர், இரண்டு பேரும் ஜெர்மனிக்காரர்கள். அவர்கள் திட்டத்தை மறைக்காமல் கொடுத்ததால்தான் இன்று இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல், அவருக்குப் பிடிக்கும்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. ஹீட்டரைக் குறைத்தே வைத்திருக்கிறேன், பழகிவிட்டது, அம்மா கவலைப்பட வேண்டாம். மாடி வீட்டுப் பெரியவர் பற்றி முன்பே எழுதினேனே, செத்த ரேடியோக்களை பால்கனியில் அடுக்கி வைத்திருப்பவர். அவர் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவருக்கு வராது. கதவைத் தட்டுவார், கையில் ஏதாவது ஒரு சாமானோடு நிற்பார், நான் என் டெஸ்டர் சாக்கெட்டில் வைத்து லெவரை மடக்குவேன், திரையில் டிரான்சிஸ்டர் படமும் அதன் மூன்று கால்களைக் காட்டும் ஈ பி சி எழுத்தும் வந்ததும் தலையாட்டுவார். போன வாரம் பனியில் கிடந்த போர்டிலிருந்து உடனே கழற்றிய கெப்பாசிட்டர்கள் எல்லாமே ஈ.எஸ்.ஆர் எக்கச்சக்கமாகக் காட்டின. குளிரில் உள்ளே இருக்கும் திரவம் மந்தமாகிவிடும், அதனால்தான். அறைக்குள் வைத்துச் சூடு வந்த பிறகு பாதிக்குமேல் நல்லதாகவே தேறின. அவர் போவதற்கு ரொம்ப நேரமாகும், நானும் போகச் சொல்வதில்லை. பழைய போர்டுகளிலிருந்து சாமான் கழற்றிப் பிரித்து வைப்பது இப்போது எனக்கு நல்ல பொழுதுபோக்கு, வெளியே எங்கும் போகத் தோன்றுவதில்லை.

சால்டர் வைத்து ரோசின் புகை எழும்போதெல்லாம் அப்பா பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கிறது. ரெசிஸ்டர் நிறத்தைப் பார்த்ததும் அளவைச் சொல்வாரே, நான் கலர் கோடு மனப்பாடம் பண்ணியதே அவர் குரலைக் கேட்டுத்தான். இப்போது அவருக்குப் பழுப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நீ எழுதிய வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. டெஸ்டரை நான் அனுப்பியதே அதற்காகத்தான்டா. உனக்கென்று சொன்னால் வீட்டில் வைப்பார், அவருக்கென்று சொன்னால் கோபப்படுவார் என்று பயந்தேன். நீ சாக்கெட்டில் வைத்து வாய்விட்டுப் படி, நல்லதா கெட்டதா என்று அவர் சொல்லட்டும்.

கண் ஆபரேஷனைத் தள்ளாதே. அக்காவிடம் கேட்டு நாள் குறி, அவள் லீவு போட்டு வருவாள். பணம் இந்த மாதம் கொஞ்சம் தள்ளி வரும், சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. கடை முன் அறையைச் சின்ன மாமா கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். வாடகைக்கு என்றால் அப்பா இஷ்டம், பங்கு என்றால் அக்காவும் நானும் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். மாமாவிடம் நீ எதுவும் பேசாதே, நானே அவருக்கு எழுதுகிறேன். பத்திரத்தின் நகல் அம்மா பெட்டியில் இருக்கும், படமெடுத்து அனுப்பு. டெஸ்டருக்கு 9 வோல்ட் பேட்டரி தீர்ந்ததும் கழற்றிவிடு, உள்ளேயே விட்டால் கசிந்துவிடும்.

அண்ணன்