மான்சல் பாதையின் இரு முனைகளையும் ரயில் நிலையங்களோடு இணைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் எங்கே போகலாம் என்று பேச்சு வந்தால், கோட்டைகளும் கடற்கரைகளும் கேளிக்கைப் பூங்காக்களும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. டெர்பிஷையரில் வை ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே, பழைய ரயில் பாதையின் மேல் அமைந்திருக்கும் மான்சல் சைக்கிள் பாதையை நம்மவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. அதன் அருமையைச் சொல்லவும், அதன் இரு முனைகளிலும் இன்னும் தீராமலிருக்கும் குறையை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1863-இல் மிட்லண்ட் ரயில்வே இந்தப் பள்ளத்தாக்கில் இருப்புப்பாதையைத் திறந்தது. பின்னாளில் லண்டனிலிருந்து மான்செஸ்டருக்குச் செல்லும் ரயில்கள் ஓடிய இவ்வழித்தடம் 1968-இல் மூடப்பட்டது. பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா நிர்வாகம் 1981-இல் இதைப் பொதுமக்களுக்கான பாதையாகத் திறந்தபோதிலும், பெரிய சுரங்கங்கள் நான்கும் அடைக்கப்பட்டே கிடந்ததால், நடப்பவர்கள் மலையைச் சுற்றி ஏறி இறங்க வேண்டியிருந்தது. சைக்கிளில் முழுத் தூரமும் செல்ல வழியே இல்லை. 2011 மே மாதத்தில் அச்சுரங்கங்கள் செப்பனிடப்பட்டு, விளக்குகள் பொருத்தப்பட்டுத் திறக்கப்பட்ட பின்னரே, பேக்வெல் ஊரின் ஓரத்திலிருந்து பிளாக்வெல் மில் வரை எட்டரை மைல் தூரத்தைத் தடையின்றிக் கடக்க முடிகிறது.

ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் வேலைக்கும் சைக்கிளிலேயே போய்வந்த எத்தனையோ பேர், இங்கு வந்தபின் மேட்டுச் சாலைகளுக்கும் வேகமாக வரும் கார்களுக்கும் அஞ்சி அதை அறவே விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு இதைவிட ஏற்ற பாதையை நான் அறியேன். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், அன்றைய பொறியாளர்கள் குன்றுகளைக் குடைந்தும் பள்ளங்களைத் தூர்த்தும் பாலங்கள் கட்டியும், நூறடி தூரத்துக்கு ஏறத்தாழ ஓரடி உயரும் அளவுக்கே ஏற்றத்தை வைத்தார்கள். சரக்கு ரயிலுக்காகச் செய்த அந்த ஏற்பாடு இன்று அறுபது வயதைக் கடந்தவர்களின் முழங்காலுக்கும், புதிதாக ஓட்டப் பழகும் குழந்தைகளுக்கும் பொருந்திவிடுகிறது. பேக்வெல்லிலிருந்து புறப்படுவதே நல்லது; போகும்போது மெல்ல ஏறுகிற பாதை, களைத்துத் திரும்பும்போது இறக்கமாக இருந்து கைகொடுக்கும்.

வழியில் ஹெட்ஸ்டோன் சுரங்கத்தை மட்டுமாவது நிதானமாகக் கடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் காற்று சட்டெனக் குளிர்கிறது. மேலிருந்து நீர் சொட்டுகிறது. விளக்கு வெளிச்சத்தில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிய எஞ்சின்களின் புகை படிந்த கரிய சுவரைக் கையெட்டும் தொலைவில் பார்க்கலாம். சுரங்கம் முடிந்த உடனேயே ஐந்து கண் கொண்ட கற்பாலம் தொடங்குகிறது. வலப்புறமும் இடப்புறமும் பச்சைச் சரிவுகள், கீழே வளைந்தோடும் வை ஆறு. இந்தப் பாலம் பள்ளத்தாக்கையே பாழாக்கிவிட்டது என்று அறிஞர் ஜான் ரஸ்கின் கடுமையாகக் கண்டித்தார். அதே பாலம் இன்று பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்கிறது. அதைப் படமெடுக்கவே மக்கள் வருகிறார்கள். அடுத்து கிரெஸ்புரூக், லிட்டன் சுரங்கங்கள். அவற்றைத் தாண்டியதும் கீழே தெரியும் லிட்டன் பஞ்சாலையில்தான், லண்டனின் ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்கள் ஒரு காலத்தில் கொடிய முறையில் வேலை வாங்கப்பட்டார்கள். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் அவ்விடத்தில் சற்று நின்று அதையும் சொல்ல வேண்டும். மில்லர்ஸ் டேல் நிலையமும், அதையடுத்த சுண்ணாம்புக் காளவாய்களும் பார்க்கத்தக்கவை.

இவ்வளவு சிறப்பிருந்தும் இப்பாதை இரு புறமும் அறுந்து நிற்கிறது. மேற்கு முனைக்கு அப்பால் சில மைல் தொலைவில் உள்ள பக்ஸ்டனுக்கு மான்செஸ்டரிலிருந்து ரயில் வருகிறது; தெற்கே மேட்லாக் வரை டெர்பியிலிருந்து ரயில் உண்டு. ஆனால் பக்ஸ்டனில் இறங்கி வருபவர், வளைவுகள் நிறைந்த ஏ6 நெடுஞ்சாலையில் கல் குவாரி லாரிகளோடு சைக்கிள் ஓட்ட வேண்டும்; குழந்தையோடு அதைச் செய்ய யாரும் துணியமாட்டார்கள். மறுபுறம் மேட்லாக்கிலிருந்து ரௌஸ்லிப் பக்கம் வரை பாதை போட்டாகிவிட்டது. ரௌஸ்லிக்கும் பேக்வெல்லுக்கும் இடைப்பட்ட சில மைல்கள்தான் விடுபட்டிருக்கின்றன. ரட்லண்ட் பிரபு தம் மாளிகையிலிருந்து ரயில் கண்ணில் படக்கூடாது என்று வற்புறுத்தியதால் தோண்டப்பட்ட ஹாடன் சுரங்கம் அந்த இடைவெளியில்தான் மூடிக்கிடக்கிறது. இதன் விளைவாக, கார் வைத்திருப்பவர்களே இப்பாதையின் பயனை முழுமையாகப் பெறுகிறார்கள். மாணவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள், ஓட்டுநர் உரிமம் இல்லாத முதியவர்கள் ஆகியோருக்கு, அதாவது இப்பாதை யாருக்கு மிகுதியும் தேவையோ அவர்களுக்கு, இது எட்டாமல் இருக்கிறது.

இவ்விடைவெளிகளை நிரப்பும் திட்டம் டெர்பிஷையர் கவுன்டி கவுன்சிலிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. நில உரிமைச் சிக்கலும் பணத்தட்டுப்பாடும் உண்மையே. எனினும் நான்கு சுரங்கங்களைத் திறக்க இருபத்திரண்டரை லட்சம் பவுண்டு ஒதுக்க முடிந்த நாட்டுக்கு இது ஆகாத காரியமல்ல. இந்த வழித்தடத்தில் மீண்டும் ரயில் விட வேண்டும் என்று கோருபவர்களும் உண்டு. அக்கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரயில் வந்தாலும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் இதே தரத்தில் மாற்றுப் பாதை கிடைக்கும் என்ற உறுதி முதலில் வேண்டும்.

டெர்பி, மான்செஸ்டர், ஷெஃபீல்டு, நாட்டிங்ஹாம் நகரங்களில் வாழும் தமிழர்கள் ஒருமுறை சென்று பார்த்துவிட்டு, தத்தம் கவுன்சிலருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செல்பவர்கள் கோடையிலும் ஒரு மேலங்கியை எடுத்துச் செல்லட்டும். சுரங்க விளக்குகள் இரவில் எரிவதில்லை. மாலையில் புறப்படுபவர்கள் சைக்கிள் விளக்கையும் மறக்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
டெர்பி.