அறிவியல் புனைவுப் படங்களும் வீட்டுக் கவலைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் அறிவியல் புனைவுப் படங்கள் ஏன் தழைக்கவில்லை என்பதை ஆராய்ந்து, சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். பட்ஜெட் போதாமை, கிராஃபிக்ஸ் பணிகளுக்கு ஆகும் காலம், எல்லாவற்றையும் ஹாலிவுட்டோடு ஒப்பிடும் ரசிகர்களின் பழக்கம் ஆகிய காரணங்களைக் கட்டுரையாளர் பொறுப்புடன் விளக்கியிருந்தார். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், விண்கலமும் எந்திர மனிதனும் திரையில் எவ்வளவு தத்ரூபமாக இருக்கின்றன என்பதை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு கட்டுரை முழுவதும் நகர்ந்தது எனக்கு வருத்தமளித்தது. நம் வீட்டுக்குள் இருக்கும் துயரத்தை வேறொரு பக்கத்திலிருந்து காட்டவும் இந்த வகைப் படங்களால் முடியும். அப்படிக் காட்டிய படங்கள் நமக்கு மிக அருகிலேயே வந்திருக்கின்றன.

2019ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25' என்ற மலையாளப் படத்தையே முதலில் சொல்வேன். இயக்குநர் ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாளுக்கு அது முதல் படம். வடகேரளத்துக் கிராமம் ஒன்றில் தனியாக வாழும் பிடிவாதக்காரத் தந்தை, வெளியூரில் எந்த வேலைக்குப் போனாலும் அவருக்காகத் திரும்பி வந்துவிடும் பொறியாளர் மகன், கடைசியில் ரஷ்யாவில் கிடைக்கும் ஒரு வேலை என்று தொடங்கும் அந்தக் கதையில் அறிவியல் என்பது ஒரே ஒரு பொருள்தான்: தந்தையைக் கவனித்துக்கொள்ள மகன் கொண்டுவந்து விடும் ரோபோ. வீட்டுக்கு வரும் பணிப்பெண்களைக்கூட ஏற்காத அந்த முதியவர், முதலில் வெறுத்த எந்திரத்துக்கு மெல்ல மெல்லப் பழகி, வேட்டி சட்டை உடுத்திவிடும் அளவுக்கு அதைப் பிள்ளையாகவே பாவிக்கத் தொடங்குகிறார். அந்த ரோபோவின் கூட்டுக்குள் இருந்து நடித்தவர் சூரஜ் தேலக்காடு என்னும் நடிகர். கோடிகளைக் கொட்டி உருவாக்கிய கிராஃபிக்ஸ் உருவம் அல்ல அது. ஆனாலும் அது வீட்டை விட்டுப் போய்விடக் கூடாதே என்று நாம் பதறுகிறோம். தந்தையாக நடித்த சூரஜ் வெஞ்ஞாறமூடு அவ்வாண்டுக்கான கேரள மாநிலச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றதில் வியப்பேதும் இல்லை.

இந்தப் படத்தை நான் இவ்வளவு நெருக்கமாக உணர்வதற்கு என் வீட்டிலேயே காரணம் உண்டு. என் அம்மா இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். தம்பி வெளிநாட்டில், எனக்கோ பள்ளி வேலை. பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் மூலம் பதினொரு மாதங்களில் நான்கு பெண்கள் வந்து போனார்கள். முதல் மூன்று பேரின் கையால் அம்மா கஞ்சிகூடக் குடிக்கவில்லை. நான்காவதாக வந்த பெண்ணை ஒருநாள் மாலை, தண்ணீர் கேட்பதற்காக, "மக்களே" என்று அழைத்தார். எங்கள் குமரி மாவட்டத்தில் பெற்ற பிள்ளைகளை அழைக்கும் சொல் அது. அடுத்த வாரமே அந்தப் பெண்ணை அந்த நிறுவனம் வேறொரு வீட்டுக்கு மாற்றிவிட்டது. எவ்வளவு கேட்டும் பயனில்லை. ரோபோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மகன் சொல்லும்போது அந்தத் தந்தையின் முகத்தில் தோன்றும் கலக்கத்தை நான் முன்பே என் அம்மாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அறுபது வயதைக் கடந்தோர் நாட்டில் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6, தமிழ்நாட்டில் 10.4. அன்றைய நிலையே அது என்றால், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோரின் கதை நமக்கும் சொந்தக் கதைதான். அதனால்தான் இதே படம் 2022இல் கே.எஸ். ரவிக்குமார் தந்தையாக நடிக்க 'கூகுள் குட்டப்பா' என்று தமிழுக்கு வந்தது. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

'இன்று நேற்று நாளை' (2015) படத்தைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் கால எந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறார். ஆர். ரவிக்குமாரின் அந்தப் படத்தில், சொந்தத் தொழில் தொடங்கும் ஆசையோடு கையில் காசில்லாமல் அலையும் இளைஞனும் அவனுடைய ஜோசியக்கார நண்பனும், காலத்தைக் கடக்கும் எந்திரத்தை வைத்துக்கொண்டு முதலில் செய்வது என்ன? தொலைந்துபோன பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டறிந்து சொல்லிச் சம்பாதிக்கிறார்கள். வேலையற்ற இளைஞனின் கையில் எந்த அற்புதம் கிடைத்தாலும் அது முதலில் பிழைப்புக்கான வழியாகத்தான் மாறும் என்ற உண்மையை, எந்தப் பிரசங்கமும் இல்லாமல் அந்தப் படம் சொல்லிவிட்டது.

அயல்நாட்டுப் படங்களிலும் இதைக் காண்கிறேன். டங்கன் ஜோன்ஸின் 'மூன்' (2009) சுமார் ஐம்பது லட்சம் டாலரில், நிலவின் வெளிப்புறக் காட்சிகளுக்கு மினியேச்சர் மாதிரிகளை வைத்து எடுக்கப்பட்டது. நிலவின் மறுபக்கத்தில் ஹீலியம்-3 என்னும் எரிபொருளை எடுக்கும் சுரங்கத்தில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் தனியாக வேலை பார்ப்பவன், ஊர் திரும்ப இரண்டு வாரங்களே இருக்கும்போது, மனைவி பதிவு செய்து அனுப்பிய செய்திகளை மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருப்பான். 1980களில் என் அப்பா மஸ்கட்டில் இருந்தபோது, நாங்கள் பேசுவதைக் கேசட்டில் பதிவு செய்து, விடுமுறை முடிந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். டேப் தீர்வதற்குள் தம்பி ஒரு பாட்டுப் பாடிவிட வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்துவார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்த வீட்டாரிடமும் அந்தப் படத்தைக் காட்டுங்கள். நிலவு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

தமிழில் இத்தகைய படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் தங்கள் இதழை வாசிக்கிறார்கள். பெரும் பணம் இல்லாமல் இந்த வகைக்குள் நுழையவே முடியாது என்ற எண்ணத்தை அந்தக் கட்டுரை அவர்களிடம் ஏற்படுத்திவிடக் கூடாது என்பதே என் கவலை. ஆகவே, இதே பொருளில் இன்னொரு கட்டுரையை வெளியிடுமாறும், அதில் குறைந்த செலவில் வீட்டையும் வேலையையும் முதுமையையும் பேசிய அறிவியல் புனைவுப் படங்களை அவற்றின் திரைக்கதையை முன்வைத்து விரிவாக ஆராயுமாறும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியை ஒருவர்,
நாகர்கோவில்.